ஒரு மூட்டை கார்னெட்டை நாலு தடவை ஓட்டிய கதை

எங்கள் ஊரில் இரும்பு வாங்கினால் துருவையும் சேர்த்தே வாங்கியதாகத்தான் கணக்கு. மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. கேட், ஜன்னல் கம்பி, மோட்டார் ஸ்டாண்டு, மச்சானின் வள்ளத்து நங்கூரம், அப்பா விட்டுப்போன டிவிஎஸ் 50 என்று எதைத் தொட்டாலும் கை சிவந்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை உப்புத்தாள் வைத்துத் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, அது மறுபடி கொப்புளம் விட்டு உரிந்து, மறுபடி தேய்த்து... சலித்துப்போய்த்தான் சாண்ட் பிளாஸ்டிங்கை, அதாவது காற்றழுத்தத்தில் துப்பாக்கி வழியாக மண்ணை அடித்துத் துருவை உரிப்பதை, வீட்டிலேயே செய்தால் என்ன என்று இறங்கினேன்.

எனக்கு இது முழுக்கப் புதிது இல்லை. வளைகுடாவில் ஒரு கப்பல் பழுதுபார்க்கும் யார்டில் ஆறு வருடம் ஸ்டோரில் வேலை பார்த்தேன். துப்பாக்கி பிடித்தவன் இல்லை, மூட்டை எண்ணியவன். அங்கே பிளாஸ்டிங்குக்கு வந்து இறங்கும் கார்னெட் என்ற சிவப்புத் தாது மணல் மூட்டைகளில் 'மேட் இன் இந்தியா' என்று போட்டிருக்கும். தூத்துக்குடி, திருநெல்வேலிக் கடற்கரை மணலிலிருந்து பிரித்தெடுத்த சரக்கு. நம் பக்கத்து மாவட்டத்து மண் கப்பல் ஏறி வந்து பாலைவனத்து நடுவில் இறங்குவதைப் பார்த்து ஊருக்குக் கடிதம் வந்த மாதிரி சந்தோஷப்பட்டிருக்கிறேன். ஊருக்குத் திரும்பிய பிறகு அதே மண்ணில் ஒரு மூட்டை வாங்க நாலு கடை ஏறி இறங்க வேண்டியிருந்தது, அது வேறு விஷயம்.

ஆனால் முதலில் செய்தது முட்டாள்தனம், அதைச் சொல்லிவிடுகிறேன். வீடு கட்டியபோது மிஞ்சிய ஆற்று மணல் கொல்லையில் கிடந்தது. ஒரே ஒரு கேட்தானே, இதற்குப் போய்க் காசு கொடுத்து மண் வாங்குவதா என்று அதையே சலித்து, கடன் வாங்கிய துப்பாக்கியில் போட்டு, முகத்தில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு திறந்த வெளியில் அடித்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கச்சான் காற்று நேரம், புழுதி அப்படியே மேகம் மாதிரி கிளம்பி அடுத்த வீட்டு மதினி காயப்போட்டிருந்த நெத்திலிக் கருவாட்டின் மேல் போய் உட்கார்ந்தது. "ஏப்பா, கருவாட்டுல மண்ணு இருக்கும்னு தெரியும், ஆனா மண்ணுக்குள்ள கருவாட்டைத் தேட வச்சுட்டியே" என்றார். அவருக்குப் பாதிக் கூடைக்குப் பணம் கொடுத்தேன். அன்று ராத்திரி இருமல் வந்தபோதுதான் யார்டில் எங்கள் ஃபோர்மேன் தினமும் கத்திக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

மணலில் இருப்பது குவார்ட்ஸ், அதாவது படிக சிலிக்கா. அது இரும்பில் மோதி உடையும்போது கண்ணுக்குத் தெரியாத தூளாகிறது, அந்தத் தூள் நுரையீரலின் அடி வரைக்கும் போய் அங்கேயே தங்கிவிடுகிறது. சிலிக்கோசிஸ் என்று பெயர், வந்தால் திருப்ப மருந்து கிடையாது. வார்ப்புகளைப் பிளாஸ்டிங் செய்ய மணலைப் பயன்படுத்தக் கூடாது என்று பிரிட்டனில் 1949-லேயே விதி போட்டுவிட்டார்கள். நம் நாட்டின் 1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டமும் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய தொழில் நோய்களின் பட்டியலில் இதைச் சேர்த்திருந்தது. ஈரத்துண்டு இதற்கு ஒரு மறைப்பே இல்லை. எம் சாண்டும் அதே கதைதான், கருங்கல்லுக்குள்ளும் குவார்ட்ஸ் உண்டு. பெயரில் 'சாண்ட்' இருப்பதால் மணல்தான் போட வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள்.

கடல் மணல் சும்மா கிடக்கிறதே என்று இரண்டு பேர் ஏற்கனவே என்னிடம் கேட்டுவிட்டார்கள். அதிலும் குவார்ட்ஸ் இருக்கிறது, கூடவே சிப்பித் தூளும் உப்பும். சிப்பி அடித்த உடனே மாவாகிவிடும். உப்பு இரும்பின் பள்ளத்துக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும், எந்தப் பெயிண்ட் அடித்தாலும் உள்ளேயிருந்து கொப்புளம் கிளம்பும். சாயல்குடிப் பக்கம் தேரி மணல் சிவப்பாக இருக்கிறது, அதில் கார்னெட் இருக்கிறது என்பார்கள். இருக்கலாம், ஆனால் பெரும்பங்கு சிவப்புப் பூசிய குவார்ட்ஸ்தான். போதாததற்கு, கடற்கரைத் தாது மணல் எடுப்பதைத் தமிழக அரசு 2013-ல் தடுத்ததிலிருந்து அந்தப் பக்கம் சாக்கோடு போய் நிற்பதே வம்பு. சும்மா கிடைக்கும் மண்ணை இத்தோடு விட்டுவிடுவோம்.

சரி, காசு கொடுத்து வாங்குவது என்று முடிவானால் எதை வாங்குவது? மூட்டை விலையை மட்டும் பார்த்தால் தாமிரக் கசடு, அதாவது காப்பர் ஸ்லாக், ரொம்ப மலிவு. கறுப்பாக, கண்ணாடிச் சில்லு மாதிரி இருக்கும். கப்பல் யார்டுகளில் டன் டன்னாகக் கொட்டுவார்கள். ஆனால் ஒரு தடவை அடித்ததுமே பெரும்பாலும் நொறுங்கிவிடும், திரும்ப அள்ளிப் போட்டால் வேலையைவிடப் புழுதிதான் அதிகம். தூத்துக்குடித் தாமிர ஆலை 2018-ல் மூடியதிலிருந்து இந்தப் பக்கம் அது முன்னே மாதிரி சல்லிசாகவும் கிடைப்பதில்லை. அடித்துவிட்டு அள்ளிக் கொட்ட இடமும் இல்லாத என்னைப் போன்ற வீட்டுக்காரனுக்கு அது சரிப்படாது.

நான் போட்ட கணக்கு வேறு. ஒரு கிலோ மண் என்ன விலை என்பது முக்கியமில்லை, அந்த ஒரு கிலோ எத்தனை தடவை துப்பாக்கிக்குள் போய் வரும் என்பதுதான் விலை. கார்னெட் பார்த்து அடித்தால் மூன்று முதல் ஐந்து தடவை வரும். பிரவுன் அலுமினியம் ஆக்சைடு, சாணைக்கல்லில் இருக்கும் அதே பொருள், கிலோவுக்குக் கார்னெட்டைவிடப் பல மடங்கு விலை, ஆனால் மூடிய பெட்டிக்குள் அடித்தால் அதைவிட ரொம்ப நாள் உழைக்கும், வெட்டும் வேகமும் ஜாஸ்தி. ஸ்டீல் கிரிட், அதாவது எஃகுக் குருணை, நூறு தடவைக்கு மேல் ஓடும் என்று யார்டில் சொல்வார்கள், உண்மைதான், அங்கே ஏசி போட்ட அறைக்குள் ஓட்டுவார்கள். அதை நம்பி நான் ஐந்து கிலோ வாங்கி வைத்தேன். இரண்டு வாரம் கழித்து டப்பாவைத் திறந்தால் எல்லாம் ஒட்டிக் கருப்பட்டி வட்டு மாதிரி ஒரே கட்டியாக இருந்தது. சுத்தியலால் உடைத்துத்தான் எடுத்தேன். நம் கடற்கரைக் காற்றுக்கு ஸ்டீல் கிரிட் வேண்டவே வேண்டாம்.

கண்ணாடி மணி, அதாவது கிளாஸ் பீட், அலுமினியத்துக்கு நல்லது. கார்புரேட்டர், எஞ்சின் மூடி மாதிரியானவற்றைக் குறைந்த அழுத்தத்தில் அடித்தால் பாத்திரக்கடைப் பொருள் மாதிரி மங்கலாக மினுக்கும், மணியும் பல தடவை வரும். தடித்த துருவுக்கு அது ஆகாது, தட்டிக் கொடுக்குமே தவிர வெட்டாது. சமையல் சோடா அடிப்பவர்களும் உண்டு, மென்மையானது, தண்ணீரில் கரைந்து போய்விடும், திரும்ப எடுக்கவே முடியாது. சிரட்டையும் ஒரு தடவை முயன்று பார்த்தேன். எங்கள் பக்கம் சிரட்டைக்குப் பஞ்சமா என்ன. அரைக்கப் போனால் மில்காரர் விரட்டிவிட்டார், உரலில் போட்டு இடித்துச் சலித்தேன். அவுட்போர்டு எஞ்சினின் அலுமினிய உடம்பிலிருந்து பழைய பெயிண்டை உலோகத்தில் கீறல் விழாமல் எடுத்தது, ஆச்சரியமாக இருந்தது. துருவை மட்டும் அசைக்கவே இல்லை. மிச்சத்தைச் சாக்கில் கட்டி வைத்தேன், மழைக்காலத்தில் பூசணம் பிடித்துவிட்டது.

ஆக, என் வீட்டில் நிலைத்தது கார்னெட்தான், 30/60 என்ற சல்லடை அளவு. கல் உப்புக்கும் தூள் உப்புக்கும் நடுவில் இருக்கும் பருமன், நாவல்பழச் சாயம் பட்ட மாதிரி சிவப்பு. கொஞ்சம் அலுமினியம் ஆக்சைடும் தனி வாளியில் வைத்திருக்கிறேன், பிடிவாதமான துருவுக்கு.

திரும்பப் பயன்படுத்த வேண்டுமென்றால் மண் சிதறாமல் இருக்க வேண்டும், அதற்குப் பெட்டி வேண்டும். பழைய இரும்புக் கடையில் ஒரு செத்த ஃப்ரிட்ஜ் கிடைத்தது. கேஸும் கம்ப்ரசரும் மெக்கானிக்கை வைத்து எடுத்தாயிற்று. மல்லாக்கப் படுக்க வைத்தால் கதவு மேல்மூடியாகிறது, அதன் ரப்பர் ஓரம் புழுதியை நன்றாக அடைக்கிறது. கதவில் ஒரு கண்ணாடி, பக்கத்தில் இரண்டு ஓட்டை போட்டு நீள ரப்பர் கையுறை, அடியில் சரிவாகத் தகரம், மண் ஒரு மூலைக்கு வழிந்து வந்து துப்பாக்கியின் குழாய் உறிஞ்சிக்கொள்ளும். உட்சுவரில் பழைய லாரி டியூபை வெட்டி ஒட்டினேன், ரப்பரில் பட்டால் மண் எகிறித் திரும்பிவிடும், சுவரும் தேயாது. ஒரு வேக்குவம் கிளீனர், அதற்கும் பெட்டிக்கும் நடுவில் இருபது லிட்டர் பெயிண்ட் வாளியில் செய்த சைக்ளோன். காற்று வாளிக்குள் சுழலும்போது கனமான மண் கீழே விழும், லேசான தூசி மட்டும் வேக்குவத்துக்குப் போகும். இவ்வளவு செய்தும் திறக்கும்போது கொஞ்சம் புழுதி வரத்தான் செய்யும், அதனால் வடிகட்டி போட்ட ரப்பர் முகமூடி இல்லாமல் பெட்டிக்குப் பக்கத்திலேயே போவதில்லை. அம்மா கிண்டல் பண்ணுவார், பண்ணட்டும்.

துப்பாக்கிக்குக் காற்றுக் கொடுக்கும் கம்ப்ரசர் மூன்று எச்பி. எண்பது பிஎஸ்ஐ அழுத்தத்தில் இரண்டு மூன்று நிமிடம் அடித்தால் மூச்சு வாங்கும், நிறுத்தி நிறுத்தித்தான் அடிக்க வேண்டும். நூறுக்கு மேல் ஏற்றினால் வேகமாக வெட்டும் என்று தோன்றும், ஆனால் கார்னெட் அவ்வளவு வேகமாகப் பொடியாகவும் செய்யும். அழுத்தத்தைக் குறைத்து, நேராகக் குத்தாமல் கொஞ்சம் சாய்த்து அடிப்பதே மண்ணுக்கு ஆயுள். துப்பாக்கி முனையில் இருக்கும் நாசிலையும் பார்த்துக்கொள்ளுங்கள், செராமிக் நாசில் தேய்ந்து வாய் அகன்றால் உறிஞ்சும் வேகமும் போகும், அடிக்கும் வேகமும் போகும். மண்தான் செத்துவிட்டது என்று நல்ல கார்னெட்டைத் தூக்கிப் போட்டிருக்கிறேன், குற்றவாளி நாசில்.

இனி மண்ணைச் சுத்தம் செய்வது. இதற்குத்தான் எனக்கு ரொம்ப நாள் பிடித்தது. முதலில் கொசு வலையில் சலிப்பேன், பெரிய துருச் சிம்பும் பெயிண்ட் தோலும் மேலே நிற்கும். அப்புறம் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை ஒரு பாலித்தீன் பைக்குள் போட்டு மண்ணின் மேல் ஓட்டுவேன், கறுப்புச் செதில் பையில் ஒட்டிக்கொண்டு வரும், பையைத் திருப்பிக் காந்தத்தை எடுத்தால் எல்லாம் உதிர்ந்துவிடும். ஸ்பீக்கர் காந்தம்தான் சரி. ஹார்டு டிஸ்கிலிருந்து எடுத்த பலமான காந்தத்தை ஓட்டினால் கார்னெட்டே ஒட்டிக்கொண்டு வருகிறது, அதற்குள்ளும் இரும்பு இருக்கிறதே.

மிச்சமிருப்பது தூசி. அம்மா சுளகை எடுத்துப் புடைக்க ஆரம்பித்தார், நாலே புடைப்பில் தூசி தனியாகப் பறந்தது, அவ்வளவு அழகு. ஆனால் பறந்த தூசி அவர் முகத்துக்குத்தானே போகிறது. பிடுங்கி வைத்துவிட்டேன். கோபித்துக்கொண்டு அடுப்படிக்குள் போனவர் அங்கே அரிசி அரித்துக்கொண்டிருந்தார். குண்டானில் தண்ணீர் விட்டு, வட்டமாக ஆட்டி, சாய்த்து, அரிசி அடுத்த பாத்திரத்துக்கு வழிய, கல் மட்டும் அடியில் தங்க... நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். கார்னெட் தண்ணீரைப் போல நாலு மடங்கு கனம். பெயிண்ட் தூளும் துருப் பொடியும் அந்தக் கனத்துக்கு நிற்காது. இங்கே கல்தான் நமக்கு வேண்டும், அரிசி போகலாம்.

அன்றைக்கே செய்து பார்த்தேன். அகலமான அலுமினியச் சட்டியில் மூன்று கிலோ மண், மேலே நாலு விரல் தண்ணீர், கையை விட்டுக் கலக்கினால் செங்காவி நிறத்தில் கலங்கும். பத்து எண்ணும் வரை விட்டால் கார்னெட் அடியில் படிந்துவிடும், கலங்கல் மட்டும் மேலே நிற்கும். சட்டியைச் சாய்த்து அதைத் தனி வாளியில் வடிக்க வேண்டும். மூன்றாம் தண்ணீரில் கலங்கல் தெளிந்துவிடும். அடியில் கிடப்பது நனைந்த மாதுளை முத்துப் பொடி மாதிரி மின்னும். புழுதி என்ற பேச்சே இல்லை. வடித்த கலங்கலைக் கிணற்றுப் பக்கமோ கடல் பக்கமோ ஊற்றுவதில்லை, வாளியில் தெளிய விட்டு, அடியில் தங்கும் சேற்றைக் காய வைத்து ஒரு டப்பாவில் கட்டி வைக்கிறேன். இன்னொன்று, பழைய வள்ளங்களின் அடிப் பெயிண்டையோ பழங்காலத்துச் சிவப்பு ஈயப் பூச்சையோ அடித்த மண்ணை நான் திரும்ப ஓட்டுவதே இல்லை. ஈயமும் செம்புமாக இருக்கும் அந்தத் தூளை மறுபடி காற்றில் கிளப்பிச் சேமிக்கும் காசு எனக்கு வேண்டாம்.

எந்தத் தண்ணீரில் கழுவுவது என்பதில்தான் நம் மாவட்டத்துக்காரர்கள் மாட்டிக்கொள்வோம். எங்கள் வீட்டு போர் தண்ணீரில், கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் பேனாவை விட்டால் 2,800 காட்டும். அதில் கழுவினால் மண்ணுக்கு நாமே உப்புப் போட்ட மாதிரி. மழை பெய்த நாளில் மொட்டைமாடித் தண்ணீரைப் பிடித்து வைக்கிறேன், இல்லாவிட்டால் ஊருணித் தண்ணீர், கடைசி அலசலுக்கு மட்டும் கேன் தண்ணீர். பிறகு ஒரு சோதனை. ஒரு டம்ளர் மண், ஒரு டம்ளர் கேன் தண்ணீர், நன்றாகக் குலுக்கி, தெளிந்ததும் துணியில் வடித்து டிடிஎஸ் பார்ப்பது. கேன் தண்ணீர் 70, மண் ஊறிய பிறகு 110 என்றால் நிம்மதி. பெயிண்ட் பூச்சு வேலைக்கான அமெரிக்க எஸ்எஸ்பிசி தரத்தில், இப்படி ஊறிய தண்ணீரின் மின் கடத்துதிறன் 1000 மைக்ரோசீமன்ஸுக்கு மேல் போகக் கூடாது என்று இருக்கிறது, நம் பேனா கணக்கில் அது ஏறத்தாழ 500. ஒரு வேடிக்கைக்குக் கடல் மணலையும் இப்படிச் செய்து பார்த்தேன், நாலிலக்கத்தில் போய் நின்றது. அதே டம்ளரில் தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் மினுக்குகிறதா என்றும் பாருங்கள். மினுக்கினால் கம்ப்ரசர் எண்ணெய் துப்புகிறது, மண்ணை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

காய வைப்பது தார்ப்பாயில், காலை பத்துக்கு மேல் மூன்று மணிக்குள். சாயங்காலம் கடற்காற்றில் விட்டுவைத்தால் ஈரம் திரும்ப ஏறிவிடும், ஈர மண் குழாயில் அடைத்துக்கொண்டு உயிரை வாங்கும். காய்ந்ததும் மூடி இறுகும் டிரம்மில்.

எடை போட்டும் பார்த்தேன், வீட்டில் இருந்த மீன் தராசில். 20 கிலோவில் ஆரம்பித்தேன். ஒரு சுற்று முடிந்து கழுவி, ஸ்கிரீன் பிரிண்டிங் கடையில் வாங்கிய துணியில் பொடியைச் சலித்துக் கழித்தால் 16 சொச்சம். அடுத்து 13. மூன்றாவது சுற்றில் பத்துக்குக் கொஞ்சம் மேல். நான்காவதில் வெட்டு மந்தமாகிவிட்டது, ஆனால் மெல்லிய தகட்டுக்கு அந்த மந்தம்தான் நல்லது. டிவிஎஸ் 50-இன் டேங்கை அந்தக் கிழட்டு மண்ணில்தான் அடித்தேன், தகடு நெளியவில்லை. புது மண்ணையும் பழசையும் முழுதாகக் கலக்க வேண்டாம். தடித்த வேலைக்கு இரண்டாம் சுற்று மண்ணில் கொஞ்சம் புதுசு சேர்த்துக்கொள்வேன், மற்றவை தனித்தனி வாளி.

பொருளை அடிப்பதற்கு முன்னால் அதையும் நல்ல தண்ணீரில் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கு எடுத்துக் காய வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அதிலிருக்கும் உப்பு மண்ணுக்கு வந்துவிடும், அப்புறம் அடுத்த பொருளுக்கும் போகும். அடித்து முடித்த இரும்பு சாம்பல் வெள்ளையாக இருக்கும், அதைக் கைபடாமல் அன்றைக்கே, முடிந்தால் ஒரு மணி நேரத்துக்குள், எபாக்சி பிரைமர் போட்டுவிட வேண்டும். ஒரு தடவை மத்தியானம் அடித்துவிட்டுச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தேன், நங்கூரம் மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி நின்றது.

இந்த மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் கிடக்கும் 61 நாளில், மச்சானின் சேக்காளிகள் வின்ச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஃப்ரிட்ஜுக்குள் நுழைகிற அளவு என்றால் வாங்கிக்கொள்கிறேன், இல்லாவிட்டால் இல்லை.

போன வாரம் கருவாட்டு மதினியும் வந்தார், கையில் துருப்பிடித்த அரிவாள்மனையோடு. "என் கருவாட்டைக் கெடுத்தேல்ல, இதையாவது நல்லாக்கிக் குடு" என்றார். மீன் வெட்டுகிற சாமான் என்பதால் பழைய வாளிகள் எதையும் தொடவில்லை, புது மூட்டையைப் பிரித்து ஒரு கிலோ எடுத்து, விளிம்பில் டேப் ஒட்டி மறைத்து அடித்துக் கொடுத்தேன். பெயிண்ட் வேண்டாம், தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள் மதினி என்றேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பலகைக்கட்டையையும் அடித்திருக்கலாமே என்றார். அதற்குச் சிரட்டைத்தூள் வேண்டும், அதுதான் பூசணம் பிடித்துவிட்டதே. இன்றைக்குக் காலையில் ஒரு சாக்குச் சிரட்டையை வாசலில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.